நடுவயதில் வறளும் தோல்

பொழுது புலர்வதற்கு முன்னரே தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் முதலிய ஊர்களிலிருந்து ஜீப்புகள் மேற்கு நோக்கி மலையேறத் தொடங்குகின்றன. போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மாநில எல்லையைக் கடந்து, கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலை வட்டத்திலுள்ள ஏலத்தோட்டங்களை அவை அடைகின்றன. அவற்றில் நெருங்கி அமர்ந்து செல்வோரில் பெரும்பாலோர் பெண்கள். ஏலச்செடியின் தூரருகே குனிந்தும் குந்தியும் இருந்து, தரையோடு படர்ந்த சரங்களினின்று முற்றிய காயை மட்டும் தேர்ந்தெடுக்கும் வேலை அவர்களுடையது. மாலையில் அதே ஜீப்புகளில் சமவெளிக்குத் திரும்புவர். தோட்டத்து லயங்களிலேயே தலைமுறையாகக் குடியிருந்து வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களும் அங்கு உண்டு.

நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்கள் எங்கும் கூறும் குறையொன்று இம்மலையில் வேலை செய்வோரைக் கூடுதலாக வருத்துகின்றது. முழங்காலுக்குக் கீழே தோல் மீன் செதில்போல் வெடித்துக் காணும், நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும், குதிகால் பிளக்கும், இரவில் போர்வைக்குள் உடல் சூடேறியதும் அரிப்பு எழுந்து உறக்கத்தைக் கெடுக்கும். சிலருக்குத் தோலின் மேல் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சியும் தோன்றும். பார்த்தால் ஒன்றும் இராது. தூரம் நின்றதிலிருந்து இப்படித்தான் என்று தமக்குள் பேசிக்கொள்வர். தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ தேய்த்துப் பார்ப்பர். இரண்டு நாளில் பழைய நிலையே திரும்பும். எண்ணெய் தேய்த்தும் தோல் ஏன் வறள்கின்றது என்னும் வினாவிற்கு விடை காண்பதே இத்தொல்லையைத் தீர்க்கும் வழியாகும்.

தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிலக்கு தோன்றாதிருப்பின், அது முற்றிலும் நின்றுவிட்டதென மருத்துவர் கொள்வர். இந்தியப் பெண்களிடம் இது நிகழும் சராசரி வயது 46 அளவிலும், மேனாட்டுப் பெண்களிடம் 51 அளவிலும் உள்ளது. நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மாதவிலக்கு முறை தவறத் தொடங்கும். அக்காலத்திலேயே தோலின் மாறுதலும் தொடங்கிவிடும். சூலகங்கள் சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைவதே இதற்குக் காரணம். அந்த ஹார்மோன் கருப்பைக்கு மட்டும் உரியதன்று. தோலின் உயிரணுக்களிலும் அதனை ஏற்கும் இடங்கள் உண்டு. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளை உண்டாக்கவும், நீரைப் பிடித்துவைக்கும் பசைப்பொருள்களைப் பெருக்கவும், சிறு குருதிக் குழாய்களின் ஓட்டத்தைப் பேணவும் அது துணைபுரிகின்றது. அது குறையுங்கால் தோல் மெலிகின்றது. எண்ணெய்ச் சுரப்பிகளின் வேலையும் படிப்படியாகத் தளர்கின்றது. 1980-களில் லண்டன் நகரில் மார்க் பிரிங்காட் என்பவரும் அவருடைய உடனாளர்களும் செய்த அளவீடுகளில், மாதவிலக்கு நின்ற முதல் ஐந்தாண்டுகளுக்குள் தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவதாகவும், அதன் பின்னர் ஆண்டிற்கு 2 விழுக்காடு அளவில் குறைந்து செல்வதாகவும் காணப்பட்டது. முதுமையால் மெல்ல நிகழும் மாறுதலன்று இது. ஐந்தாண்டிற்குள் விரைந்து நிகழ்வது. ஆதலின் திடீரென்று தோல் மாறிவிட்டதாக இப்பெண்கள் கூறுவதை வெறும் பிரமையென்று தள்ளிவிடுதல் பிழை.

கருப்பையை அகற்றும் சிகிச்சையின்போது சூலகங்களையும் சேர்த்து அகற்றியிருந்தால், இம்மாறுதல்கள் யாவும் சில வாரங்களுக்குள் கடுமையாகத் தோன்றும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர் கருப்பை அகற்றப்பெற்றவர்கள். அவர்களுள் தம் சூலகங்கள் இருக்கின்றனவா இல்லையா என்பதை அறியாதவர் பலர். சிகிச்சைச் சீட்டைப் பாதுகாத்து வைத்திருந்து மருத்துவரிடம் காட்டிக் கேட்டறிதல் நலம்.

இனி வறட்சி என்பது யாது எனக் காண்போம். தோலின் மிக வெளிப்புறத்தே, உயிரற்ற தட்டையான அணுக்கள் பத்துப் பதினைந்து அடுக்குகளாக அமைந்த கொம்புப்படலம் ஒன்று உள்ளது. உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக உடலின் மற்றப் பகுதிகளில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். செங்கல்லையும் சுண்ணச் சாந்தையும் கொண்டு எழுப்பிய சுவரை அது ஒத்தது. அணுக்கள் செங்கற்கள், அவற்றிற்கிடையே நிரம்பிய கொழுப்புப் பொருள்கள் சாந்து. உடலினுள்ளிருந்து நீர் ஆவியாகி வெளியேறுவதைத் தடுப்பது இச்சாந்து. செங்கற்களுக்குள்ளேயும் நீரை ஈர்த்து வைத்திருக்கும் உப்புகளும் அமிலங்களும் உள்ளன. அவை நீரில் எளிதிற் கரைபவை. சோப்பும் வெந்நீரும் சாந்தையும் கரைக்கும், செங்கல்லின் உட்பொருளையும் கழுவிச் செல்லும்.

இப்படலத்தை மென்மையாக வைத்திருப்பது எண்ணெயா, நீரா? எண்ணெய் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. 1952-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு விஞ்ஞானி இர்வின் பிளாங்க் என்பவர் ஓர் எளிய சோதனையால் இதனைத் தீர்த்தார். உள்ளங்காலின் காய்ப்பேறிய தோலினின்று மெல்லிய துண்டுகளை எடுத்து நன்கு உலர்த்தினார். அவை சருகுபோல் ஒடிந்தன. அவற்றில் சிலவற்றை எண்ணெய், வாசலின், கம்பளிக் கொழுப்பு முதலியவற்றில் ஊறவைத்தார். எத்துணை நேரம் ஊறினும் அவை மென்மையடையவில்லை. எடுத்து வளைத்தபோது முன்போலவே ஒடிந்தன. நீர் ஏற்ற துண்டுகளோ தோல்வார்போல் வளைந்தன. கொம்புப்படலத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்குக் குறையாமல் நீர் இருத்தல் வேண்டும், குறைந்தால் அது ஒடியும், வெடிக்கும் என்று அவர் கண்டார். சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டிற்குக் கீழ்ப்படின் அந்நிலை நெருங்கும் என்பதும் அவருடைய அளவீடுகளால் தெரிந்தது. உயிருள்ள உடலில் கீழிருந்து நீர் ஊறிக்கொண்டிருப்பதால் நிலைமை அத்துணைக் கடுமையாய் இராது. ஆயினும் அடிப்படை உண்மை மாறவில்லை: தோலை மென்மையாக்குவது நீர், எண்ணெய் செய்யக்கூடியது அந்நீரை வெளியேறாமல் மூடிவைத்தல் மட்டுமே.

ஏலத்தோட்டத்தில் வேலை செய்வோருக்கு இதனை விளக்க வேறு உவமை வேண்டுவதில்லை. பறித்த பசுங்காயில் நூற்றுக்கு எண்பது பங்களவு நீர் உண்டு. ஸ்டோர் என்று வழங்கும் உலர்த்துங் கூடத்தில் 45 முதல் 55 டிகிரி வரை வெப்பமூட்டிய காற்றில் ஒரு நாளளவு கிடந்தபின் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு நீரே எஞ்சும். அந்நிலையில் காயின் மேல்தோல் விறைத்துக் கலகலக்கும். அதன் நீரைக் கொண்டுபோனது சூடேறிய காற்று. மனிதத் தோலுக்கும் பகைவன் அக்காற்றே.

உடும்பஞ்சோலைப் பகுதி கடல்மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டர் அளவிலும் அதற்கு மேலும் உயர்ந்தது. மழையும் மூடுபனியும் மிகுந்த அவ்விடத்தில் தோல் வறள்வானேன் எனக் கேட்கத் தோன்றும். இதற்கு விடை காற்று ஏற்கும் நீரின் அளவில் உள்ளது. 15 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 13 கிராம் நீராவியைத்தான் ஏற்கும். 30 டிகிரியில் 30 கிராம் ஏற்கும். மலைமேல் ஈரம் நிரம்பிய அதே காற்று, அடுப்பெரியும் அறைக்குள் 30 டிகிரிக்குச் சூடேறினால், அதன் ஒப்பு ஈரப்பதம் நூறிலிருந்து நாற்பத்திரண்டு அல்லது நாற்பத்து மூன்றாகக் குறைந்துவிடும். பிளாங்க் கூறிய அறுபதிற்கு இது மிகக் கீழே. குளிருக்கு அஞ்சி அடுப்பங்கரையில் காலை நீட்டி அமர்ந்திருக்கும் மூதாட்டியின் கால் தோல்தான் முதலில் வெடிக்கின்றது.

நாள்தோறும் மலையிறங்கி வருவோரின் நிலை இன்னும் கடினமானது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டுக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகின்றது. இறங்குங் காற்று அழுத்தத்தால் சூடேறி உலர்ந்துபோம். காய் எடுக்கும் பருவம் ஏறக்குறைய ஆடியில் தொடங்கித் தை வரை நீள்கின்றது. அதன் முற்பகுதியில் ஒரே நாளில் இப்பெண்கள் பகல் முழுதும் நனைந்த கையோடும் காலோடும் இருந்து, மாலையில் திறந்த ஜீப்பில் உலர்ந்த வன்காற்றை ஏற்று வீடு திரும்புகின்றனர். நனைந்து ஊறிய கொம்புப்படலம் தன் உட்பொருளை இழந்திருக்கும். உடனே காற்றில் உலர்ந்தால் முன்னிலும் மிகுதியாக நீரை இழக்கும். நனைதலும் உலர்தலும் மாறிமாறி வருவது, இடைவிடாத வறட்சியினும் தோலுக்குத் தீங்கானது. பனிக்காலத்தில் மழை ஓய்ந்து வடகிழக்குக் காற்று வீசும். ராமக்கல்மேட்டுப் பக்கம் அதன் வன்மையை அறியாதார் இலர். காற்றாலைகளும் அங்கு நிறுவப்பெற்றுள்ளன. ஜீப்பில் இறங்கும்போது கை, கால், முகம் ஆகியவற்றை உலர்ந்த துணியால் ஒற்றி மூடிக்கொள்ளுதல் செலவில்லாத ஒரு காப்பு. உயரம் ஆயிரம் மீட்டர் ஏற வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பத்து விழுக்காடு அளவில் மிகுதலால், நிழல் மரங்கள் இல்லாத இடங்களில் இம்மூடுதல் இரட்டைப் பயன் தரும்.

எண்ணெயைப் பற்றிய முதல் வினாவிற்கு இப்போது விடை கூறலாம். நம் மாதர் எண்ணெய் தேய்ப்பது குளிப்பதற்கு முன். செவ்வாயும் வெள்ளியும் உடல் முழுதும் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, பின்னர்ச் சீயக்காய்த் தூளாலோ கடலை மாவாலோ சோப்பாலோ பிசுக்குப் போகும்வரை தேய்த்துக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வார்த்துக் குளிப்பர். உலர்ந்த தோலின்மேல் இட்ட எண்ணெய் மூடிவைப்பதற்கு அங்கு நீர் இல்லை. குளித்த பின்னரோ தோலில் நீர் இருக்கும், மூடுவதற்கு எண்ணெய் இராது. மேலும், அந்தச் சீயக்காயும் மாவும் தேய்த்த எண்ணெயோடு தோலின் சொந்தக் கொழுப்பையும் வழித்துச் சென்றிருக்கும். இளமையில் எண்ணெய்ச் சுரப்பிகள் ஒரு பொழுதில் அதனை ஈடுசெய்துவிடும். ஐம்பது வயதில் அது இயலாது. எண்ணெய்க் குளியல் தீதென்பது இதன் பொருளன்று. வரிசையை மாற்றவேண்டும் என்பதே பொருள்.

செய்யத்தக்க முறை இது. நீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கையிட்டால் சுடுமாயின் அது தோலுக்கு ஆகாது. குளியல் பத்து நிமிடத்திற்கு மேல் நீளுதல் வேண்டா. சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்; அழுக்குப் படாத முதுகுக்கும் வயிற்றுக்கும் கால்களுக்கும் வெறும் நீரே போதுமானது. தோலின் இயல்பு சிறிதளவு அமிலத்தன்மை. அதன் அளவு ஐந்தை ஒட்டியது. சாதாரணச் சோப்பின் அளவு ஒன்பது, பத்து. துணி துவைக்கும் சோப்பு இன்னும் கடுமையானது. தோட்டத்தினின்று வந்து மண்ணும் செடிச்சாறும் படிந்த கையைத் துணிச்சோப்பாலேயே தேய்ப்போர் பலர். அதனைக் கைவிடுதல் கைவெடிப்பைக் குறைக்கும். பீர்க்கங்கூடும் கல்லும் கொண்டு செதிலைத் தேய்த்தெடுப்பதும் கூடாது. செதில் நோயன்று, வறட்சியின் அடையாளம். நீர் சேர்ந்தால் தானே உதிரும்.

குளித்தபின் துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் எஞ்சியிருக்கும்போதே, மூன்று நிமிடத்திற்குள், மேற்பூச்சை இடுதல் வேண்டும். இவ்விரைவே இம்முறையின் உயிர். முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியில் எண்ணெய்ச் சுரப்பிகள் இயல்பாகவே குறைவாதலால் அங்கு தாராளமாகவும், முன்கைகளில் அடுத்தபடியாகவும் இடலாம். இரவு படுக்கைக்கு முன் கால்களை ஈரத்துணியால் நனைத்து மறுமுறை இடுவது அரிப்பை அடக்கும்.

எதனை இடுவது? கடையிற் கிடைக்கும் விலையுயர்ந்த குழம்புகள்தாம் வேண்டுமென்பதில்லை. 2004-ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டில் தோல் வறட்சியுற்ற 34 பேரிடம் தேங்காயெண்ணெயையும் கனிம எண்ணெயையும் இரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தனர். இரண்டும் ஒத்த பயன் தந்தன. தீங்கு ஏதும் காணப்படவில்லை. தேங்காய் விளையும் நாட்டில் இது நற்செய்தி. ஆயின் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. கடுகெண்ணெய் எலிகளின் தோற்சுவர் மீண்டும் கூடுவதைத் தாமதப்படுத்தியதாக 2002-ஆம் ஆண்டின் ஆராய்ச்சி ஒன்று தெரிவித்தது. சூரியகாந்தி எண்ணெய் அதனை விரைவுபடுத்தியது. மேனாட்டிலிருந்து வந்து விலையால் மதிப்புப் பெற்றுள்ள ஆலிவ் எண்ணெய், வயதுவந்தோரின் கொம்புப்படலத்தைத் தளர்த்துவதாக 2013-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கண்டறிந்தனர். மூடும் ஆற்றலில் எல்லாவற்றையும் விஞ்சுவது வெள்ளை வாசலின் எனப்படும் பெட்ரோலியக் களிம்பே. 1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இப்பழம்பொருள் தோலினின்று ஆவியாகும் நீரை ஏறத்தாழ முழுதும் தடுத்துவிடும். பிசுபிசுப்பு மிகுதி என்பது அதன் குறை. வாசனைப் பொருள் இல்லாமையும் குறைந்த விலையும் அதன் நிறை.

கிளிசரின் வேறு வகையில் வேலை செய்கின்றது. அது நீரைத் தன்பால் ஈர்த்து வைத்திருக்கும். ஆனால் உலர்ந்த காற்றில் தனிக் கிளிசரினைப் பூசினால், காற்றில் நீர் கிடைக்காமல் தோலினின்றே இழுத்துக்கொள்ளும், எரிச்சலும் உண்டாகும். ஒரு பங்கு கிளிசரினுக்கு மூன்று நான்கு பங்கு காய்ச்சி ஆறிய நீர் கலந்து, அன்றன்று புதிதாகச் செய்து, ஈரத் தோலில் தடவி, அதன்மேல் எண்ணெயோ வாசலினோ இட்டு மூடினால் இரண்டின் பயனும் கிட்டும். தடித்து வெடித்த குதிகாலுக்கு யூரியா சேர்ந்த களிம்பு சிறந்தது. பாதத்தை வெந்நீரில் சிறிது ஊறவைத்து, ஒற்றி, களிம்பிட்டு, பருத்திக் காலுறை அணிந்து இரவைக் கழித்தால் இரண்டு மூன்று வாரங்களில் பிளவு மூடத் தொடங்கும். குருதி கசியும் ஆழ்ந்த பிளவில் யூரியா எரியும். அது ஆறும்வரை வாசலினே தகும். அட்டைக்கு அஞ்சிக் காலில் சுண்ணாம்பும் உப்பும் தடவும் பழக்கம் மலைநாடுகளில் உண்டு. வெடித்த தோலில் அவை புண்ணைப் பெருக்கும். நெருங்க நெய்த துணியாலான நீண்ட காலுறையே அதற்கு நல்ல காப்பு.

நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் நீர் பருகினால் தோல் பொலியும் என்று பலரும் கூறுவது மெய்யன்று. தாகத்திற்கு வேண்டிய அளவு பருகியபின் மேலும் பருகும் நீர் சிறுநீராய்க் கழியுமேயன்றிக் கொம்புப்படலத்தை எட்டாது. எனினும் வேறொரு நிலை இங்குக் கருதத்தக்கது. தோட்டத்தில் ஒதுங்குமிடம் இல்லாமையால் காலை முதல் மாலை வரை நீர் அருந்தாமலே இருந்துவிடும் பெண்கள் பலர். அவர்களுக்கு நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் தோன்றுவது எளிது. இதனைத் தீர்க்கவேண்டியவர் அப்பெண்கள் அல்லர். மறைவிடம் கட்டித்தர வேண்டியவர்களே.

வெடித்த தோல் அழகுக்குறை மட்டுமன்று என்பதற்கு ஏலத்தோட்டமே சான்று. பூச்சிமருந்து மிகுதியாகத் தெளிக்கப்படும் பயிர்களுள் ஏலமும் ஒன்று. மருந்து தெளிப்போர் பெரும்பாலும் ஆண்கள். தெளித்த பின்னர்ச் செடியோடு செடியாய் உராய்ந்து காய் எடுப்போர் பெண்கள். முழுமையான தோலைவிட வெடித்த தோலின் வழியே மருந்து உடலினுள் புகுவது மிகுதி. மாதவிலக்கு நின்ற பெண்ணின் மெலிந்து வெடித்த முன்கை, மருந்து ஈரம் உலராத இலையில் படுமானால், அவள் ஏற்கும் அளவு தன் மகள் ஏற்கும் அளவினும் கூடும். எப்பகுதியில் என்று தெளித்தனர், எத்தனை நாள் கழித்து உட்செல்லலாம் என்பதைக் கங்காணியிடம் கேட்டறிவது தொழிலாளியின் உரிமை. முழுக்கைச் சட்டையும், நைட்ரில் ரப்பர் கையுறையும் வேண்டும். கையுறைக்குள் வியர்வை தங்கினால் அதுவும் தோலை ஊறவைத்துக் கெடுக்குமாதலால் உள்ளே மெல்லிய பருத்தியுறை அணிந்து, நனைந்ததும் மாற்றுதல் நன்று. காலையில் எண்ணெய் பூசிச் சென்றால் மருந்து ஒட்டாது என்று எண்ணுதல் ஆபத்தானது. அம்மருந்துகளில் பல எண்ணெயில் கரைபவை. மேற்பூச்சு மாலையில், கழுவிய பின்னரே.

நடுவயதில் தோன்றும் வறட்சி யாவும் மாதவிலக்கு நின்றதனால் என்று முடிவுகட்டுதலும் தவறு. தைராய்டுச் சுரப்பி தளர்ந்தாலும் தோல் வறண்டு உடல் பருத்துக் குளிர் பொறாமை உண்டாகும். அவ்வயதுப் பெண்களிடம் இந்நோய் அரிதன்று. நீரிழிவும், இரும்புச்சத்துக் குறைந்த சோகையும், சிறுநீரக நோயும், பித்தம் தடைப்படும் கல்லீரல் நோயும் தடிப்பு ஏதுமின்றி உடல் முழுதும் அரிப்பை உண்டாக்கும். ஈரமும் எண்ணெயும் முறையாக இட்டு மூன்று வாரம் கடந்தும் அரிப்புத் தணியாவிடில் குருதிச் சோதனை இன்றியமையாதது. வட்டமாக ஓரம் சிவந்து பரவும் தடிப்பு படர்தாமரையாக இருக்கலாம். ஒரே இடத்தில் தோல் வெளுத்து, வியர்வையின்றி வறண்டு, குத்தினால் உணர்ச்சியில்லாமல் இருப்பின் அது தொழுநோயின் குறியாகலாம். அதற்கு மருந்து அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கின்றது, முற்றிலும் குணமும் ஆகின்றது.

இங்கு மருந்துக்கடைக் களிம்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். அரிப்பென்று கேட்டவுடன் தரப்படும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கின்றது. அது இரண்டே நாளில் அரிப்பை அடக்கும். அதனாலேயே அதற்கு நற்பெயர். தொடர்ந்து பூசினால் தோலை மெலியச் செய்யும். முன்னரே கொலாஜனை இழந்து மெலிந்த தோலின்மேல் இதனைப் பூசுவதால் வரும் கேட்டைச் சொல்லவேண்டுவதில்லை. படர்தாமரையாயின் மறைந்து பரவும். 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. எனினும் பழைய குழாயைக் காட்டி அதுபோல் மற்றொன்று வாங்கும் வழக்கம் ஒழிந்தபாடில்லை.

குறைந்த ஹார்மோனை மருந்தாகக் கொடுத்தால் தோல் பழைய நிலை அடையாதா? ஓரளவு அடையும், கொலாஜனும் தோலின் கனமும் கூடுவது அளவீடுகளில் தெரிந்ததே. ஆனால் தோலுக்காக மட்டும் அம்மருந்தை மருத்துவர் தருவதில்லை. 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 16,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெருஞ்சோதனை, மார்புப் புற்றுநோயும் குருதிக் கட்டிகளும் கூடுவது கண்டு இடையில் நிறுத்தப்பட்டது. அறுபது வயதிற்குட்பட்டு, மாதவிலக்கு நின்று பத்தாண்டுகள் கடவாமல், உடல் திடீரெனக் கொதித்து வியர்க்கும் தொல்லையால் மிக வருந்துவோர்க்கு நன்மையே மிகுதி எனப் பின்னர்த் தெளிந்தனர். யாருக்குத் தகும், யாருக்குத் தகாது என்பது ஒவ்வொருவரின் உடல்நிலையையும் குடும்ப நோய் வரலாற்றையும் ஆராய்ந்து மருத்துவர் முடிவு செய்யவேண்டியது.

வெளித்தோல் வறள்வது போலவே பிறப்புறுப்பின் உள்தோலும் வறண்டு மெலிகின்றது. இதனைத் தாயிடமும் மகளிடமும் சொல்லக் கூசிப் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருப்பர். எரிச்சல், அரிப்பு, கூடலின்போது நோவு, அடிக்கடி நீர்க்கடுப்பு ஆகியன அதன் குறிகள். வெளித்தோலின் வறட்சி பூச்சினால் தணியும். இதுவோ வைத்தியமின்றி நாளடைவில் மிகும். சோப்பும் கிருமிநாசினி நீரும் அங்கு ஒருபோதும் ஆகா. வெறும் நீர் போதும். எண்ணெய் இட்டுப் பார்ப்பதும் தொற்றுக்கு வழிவகுக்கும். மிகக் குறைந்த அளவில் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த உட்பூச்சுக் களிம்பு இதற்கு நல்ல பயன் தருகின்றது. உடல் முழுதும் பரவாமல் அவ்விடத்தளவில் வேலை செய்வதால், வாய்வழி உண்ணும் ஹார்மோனைப் பற்றிய அச்சங்களில் பெரும்பகுதி இதற்குப் பொருந்தாது. மார்புப் புற்றுநோய் கண்டிருந்தவர் மட்டும் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளியேனும் குருதி கண்டால் அதனை உள்தோலின் வறட்சி என்றோ, பழைய தூரம் மீண்டது என்றோ தாமே முடிவு செய்தலாகாது. பெரும்பாலும் அது தீங்கற்ற காரணத்தால் வருவதே. எனினும் கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோயின் முதற்குறியும் அதுவே. அந்நிலையில் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஸ்கேன் சோதனையும் சிறு திசுச் சோதனையும் ஐயத்தைத் தீர்த்துவிடும். மலைமேல் வசிப்போர் நெடுங்கண்டம் தாலுக்கா மருத்துவமனையிலும், கீழே வசிப்போர் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். ஜீப்புகள் விடியுமுன் புறப்பட்டு மாலையில்தான் திரும்புகின்றன. புறநோயாளிப் பிரிவு நடப்பதோ பகலில். ஆதலின் ஒரு நாட்கூலியை இழந்தே அங்குச் செல்லவேண்டியிருக்கும். குருதி கண்ட வாரத்திலேயே அந்த ஒரு நாளை ஒதுக்கிக்கொள்ளுதல் வேண்டும். காய் எடுப்பு முடியட்டுமென்று தை மாதம் வரை காத்திருத்தலாகாது.